ஸ்டோர் ரூமில் கிடக்கும் பழைய டிவி, டியூப்லைட், பேட்டரி: எது அபாயகரக் கழிவு?

கேள்வி சுருக்கமாக இதுதான். கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் ஒரு பள்ளி விடுதியின் ஸ்டோர் ரூமைக் காலி செய்கிறார்கள். பெட்டி டிவிகள், பழைய மாடல் மானிட்டர்கள், கம்ப்யூட்டர்கள், ஒரு மூட்டை டியூப்லைட், இன்வெர்ட்டர் பேட்டரிகள், எமர்ஜென்சி விளக்குகள், பிரின்டர், உப்பிப்போன லேப்டாப் பேட்டரிகள் சில. இவற்றோடு பழைய இரும்புக் கட்டில்களும் உண்டு. பழைய இரும்புக்கடைக்காரர், "எல்லாம் இரும்பும் பிளாஸ்டிக்கும்தான் சார், மொத்தமா ஏத்திக்கிறேன்" என்கிறார். அலுவலகத்தில் ஒருவரோ, "மின்னணுக் கழிவு என்றாலே அபாயகரக் கழிவு, உரிமம் இல்லாமல் தொடவே கூடாது" என்கிறார். யார் சொல்வது சரி? அபாயகரமா இல்லையா என்று எதை வைத்து முடிவு செய்வது?

இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. கடைக்காரர் எடையைப் பார்க்கிறார், அலுவலகத்துக்காரர் பெயரைப் பார்க்கிறார். பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும், அது வெளியே வருமா என்று பார்க்க வேண்டும். அதைவிட முக்கியமாக, அடுத்து அது யார் கைக்குப் போகிறது, அவர் அதை உடைப்பாரா, எரிப்பாரா, ஆசிடில் போடுவாரா என்று பார்க்க வேண்டும். சட்டமும் ஆய்வகமும் முதல் இரண்டையும் ஓரளவு கவனிக்கின்றன. மூன்றாவதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஆனால் மனிதர்களுக்கு நடக்கும் கேடு பெரும்பாலும் அந்த மூன்றாவதில்தான் இருக்கிறது.

சட்டத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இப்போது நடப்பில் இருப்பது 2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள். 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளன. அதன் பட்டியலில் ஏழு வகைகளில் 106 பொருள்கள் உள்ளன. மின்விசிறி, கிரைண்டர் முதல் சோலார் பேனல் வரை எல்லாம் அதில் வரும். பட்டியலில் இருப்பதாலேயே ஒரு பொருள் விஷமாகிவிடாது. அதைத் தயாரித்தவர் திரும்பப் பெற ஏற்பாடு செய்ய வேண்டும், பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் அது போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் பொருள். அபாயகரக் கழிவு என்பதை முடிவு செய்வது வேறொரு விதித்தொகுப்பு, 2016-இல் வந்தது. அங்கே இரண்டு வழிகளில் ஒரு கழிவு உள்ளே வரலாம். ஒன்று, பெயர் பட்டியலில் இருக்க வேண்டும். அல்லது எளிதில் தீப்பிடிப்பது, அரிப்பது, வெடிப்பது, நச்சாவது போன்ற குணம் இருக்க வேண்டும். பேட்டரிக்குத் தனி விதிகள் இருக்கின்றன, அவையும் 2022-இல் வந்தவைதான். கதிரியக்கம் உள்ளவை அணுசக்திச் சட்டத்தின் கீழ் போய்விடும்.

உங்கள் உரிமக் கவலைக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். தயாரிப்பாளர், பழுதுநீக்கி மறுபடி விற்பவர், மறுசுழற்சியாளர் ஆகியோர்தான் பதிவு செய்ய வேண்டும். பயன்படுத்தி முடித்துவிட்டுக் கொடுப்பவருக்கு உரிமம் தேவையில்லை. 'மொத்தப் பயன்பாட்டாளர்' என்று கூடுதல் பொறுப்பு வருவது ஒரு நிதியாண்டில் ஆயிரம் கருவிகளாவது வைத்திருக்கும் நிறுவனத்துக்கு. மலையில் ஒரு விடுதி அந்தக் கணக்குக்கு எட்டாது. தவறான கையில் கொடுக்கக் கூடாது என்பதுதான் உங்கள் கடமை.

நாட்டு எல்லையைத் தாண்டும் கழிவுக்கான பாசெல் ஒப்பந்தம், எது அபாயகரம் எது இல்லை என்று பிரிக்கப் பல வருடம் மல்லுக்கட்டியது. 2025 ஜனவரி 1 முதல் அபாயகரமோ இல்லையோ எந்த மின்னணுக் கழிவையும் இறக்குமதி செய்யும் நாட்டின் முன்அனுமதி இல்லாமல் அனுப்ப முடியாது என்று மாற்றிவிட்டார்கள். துறைமுகத்தில் கன்டெய்னரைத் திறந்து நின்றுகொண்டு இது நல்லது, இது கெட்டது என்று பிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை அவர்களே ஒப்புக்கொண்ட மாதிரிதான்.

சரி, ஆய்வகம் என்ன செய்கிறது? கசிவுச் சோதனை என்று ஒன்று. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை வகுத்த முறை, நம் விதிகளும் அதை ஏற்றுக்கொள்கின்றன. பொருளை ஒரு சென்டிமீட்டருக்கும் சிறிய துண்டுகளாக்கி, அதில் 100 கிராம் எடுத்து, 2 லிட்டர் நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் போட்டு, பாட்டிலை நிமிடத்துக்கு 30 சுற்று வீதம் சுமார் 18 மணி நேரம் தலைகீழாக உருட்டுவார்கள். புளியை ஊறவைத்துச் சாறு எடுப்பது மாதிரிதான். சாற்றை வடிகட்டி, உலோகம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளப்பார்கள். லிட்டருக்கு ஈயம் 5 மில்லிகிராம், காட்மியம் 1 மில்லிகிராம், பாதரசம் 0.2 மில்லிகிராம், ஆர்சனிக் 5 மில்லிகிராம் என்பவை வரம்புகள். எட்டினால் அபாயகரம். குப்பைமேட்டில் காய்கறிக் கழிவோடு சேர்ந்து அழுகும்போது ஊறும் புளித்த தண்ணீரை மனதில் வைத்து உருவாக்கிய சோதனை இது.

இந்த எண்களை வைத்துக்கொண்டு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிராம் பொருள், 2 லிட்டர் திரவம், வரம்பு லிட்டருக்கு 5 மில்லிகிராம். அப்படியானால் 10 மில்லிகிராம் ஈயம் இறங்கினால் போதும், தோல்வி. கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்குக் குறைவாக ஈயம் உள்ள பொருள் முழுதாகக் கரைந்தாலும் இந்தச் சோதனையில் தோற்காது. பழைய கம்ப்யூட்டர் போர்டில் (சின்னச் சின்னப் பாகங்கள் பதித்த பச்சைப் பலகை), அவற்றை ஒட்டியிருக்கும் சால்டர் என்ற பற்றாசோடு சேர்த்து, எடையில் ஒன்றிரண்டு சதவீதம் ஈயம் இருக்கும். அதாவது கிலோவுக்கு 10,000 முதல் 20,000 மில்லிகிராம். அதில் நூற்றில் ஒரு பங்கு கரைந்தாலே வரம்பு தாண்டிவிடும். பழைய போர்டுகள் இந்தச் சோதனையில் அடிக்கடி தோற்பதற்குக் காரணம் இதுதான்.

பலர் குழப்பிக்கொள்ளும் இன்னொரு எண் இருக்கிறது. கருவி தயாரிக்கும்போது ஈயம், பாதரசம், ஆறு இணைதிறன் குரோமியம், இரண்டு வகை புரோமின் சேர்மங்கள் ஒவ்வொன்றும் 0.1 சதவீதத்தையும், காட்மியம் 0.01 சதவீதத்தையும் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடு அது. ஐரோப்பாவில் 2006 ஜூலையில் வந்தது, நம் மின்னணுக் கழிவு விதிகளிலும் இருக்கிறது. புதுப் பொருள் செய்பவருக்கான வரம்பு அது. கழிவை வகைப்படுத்துவதற்கானது இல்லை. 0.1 சதவீதம் என்றால் கிலோவுக்கு 1,000 மில்லிகிராம், மேலே போட்ட கணக்கில் வந்த நூறைவிடப் பத்து மடங்கு. எனவே "ஈயமில்லாதது" என்று முத்திரை குத்திய போர்டு கழிவான பிறகு எல்லாச் சோதனையும் தாண்டிவிடும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. இருந்தாலும் பழையதைவிடப் பல மடங்கு மேல்.

இந்தச் சோதனையை நான் மதிக்கிறேன், ஆனால் முழுதாக நம்ப மாட்டேன். ஒரு போர்டை மட்டும் நறுக்கிச் சோதித்தால் ஈயம் வரம்பு தாண்டும். அதே போர்டை அது பூட்டியிருந்த இரும்புப் பெட்டியோடு சேர்த்து நறுக்கிச் சோதித்தால் வரம்புக்குள் வந்துவிடுவதும் உண்டு. இரும்பு முதலில் கரைந்து, கரைந்த ஈயத்தைத் தன்மேல் படியவைத்துக்கொள்ளும். ஈயம் எங்கும் போய்விடவில்லை, பாட்டிலின் அடியில்தான் கிடக்கிறது. ஆனால் சாற்றில் இல்லாததால் தாளில் 'அபாயகரம் அல்ல' என்று வரும். மாதிரியை எப்படி எடுத்தார்கள் என்பதைப் பொறுத்துத் தீர்ப்பே மாறிப்போகிறது. தவிர, இது தண்ணீரில் இறங்குவதை மட்டும் அளக்கிறது. மூச்சில் போவது, கையில் ஒட்டுவது, எரித்தால் உண்டாவது எதையும் அளப்பதில்லை. செம்பு மீனுக்கு எவ்வளவு கெடுதல் என்று நீரியல் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த அமெரிக்க வரம்புப் பட்டியலில் செம்பு கிடையாது.

நம் மலைக்கு இதில் ஒரு கூடுதல் விஷயம். அந்தச் சோதனைத் திரவத்தின் பி.எச். அளவு 4.93 (7-க்குக் கீழே குறையக் குறைய அமிலம் கூடுதல்). மேல்மலை மண்ணும் அமிலப் பக்கம் சாய்ந்ததுதான், மண்ணுக்குச் சுண்ணாம்பு போடச் சொல்வதே அதற்காகத்தான். அமில மண்ணில் காட்மியம் நன்றாக நகரும், கீரையும் கிழங்கும் அதை உறிஞ்சும். ஈயம் அப்படியில்லை. மக்கு நிறைந்த மேல்மண்ணில் ஒட்டிக்கொண்டு, நகராமல் வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கும். ஆகவே கேரட் பாத்தியைவிடக் குழந்தைகள் விளையாடும் இடம்தான் ஈயத்துக்கு ஆபத்தான இடம்.

இனி உங்கள் ஸ்டோர் ரூமுக்கு வருகிறேன்.

பெட்டி டிவியும் பழைய மானிட்டரும்தான் அங்கே எடையில் பெரிய பிரச்சினை. 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் மட்டும் தமிழ்நாட்டில் ஒன்றரைக் கோடிக்கும் மேல் 14 அங்குலப் பெட்டிகள் வீடுகளுக்கு வந்தன. மலையில் அதில் பாதி இன்னும் பரண் மேல் இருக்கும் என்பது என் ஊகம். பிக்சர் டியூப் ஒரே கண்ணாடி மாதிரி தெரிந்தாலும் ஒரே கண்ணாடி இல்லை. நாம் பார்க்கும் முன்பக்கம் பெரும்பாலும் பேரியமும் ஸ்ட்ரான்ஷியமும் கலந்தது. பின்னால் குறுகிக்கொண்டே போகும் புனல் பகுதி எக்ஸ்ரே கதிர் வெளியே வராமல் தடுக்க ஈயம் ஏற்றியது. அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் ஈய ஆக்சைடு. கழுத்தில் இன்னும் அதிகம். முன்னையும் பின்னையும் ஒட்டுவதற்குப் பூசியிருக்கும் கண்ணாடிப் பசையும் ஈயம்தான்.

முழு டிவி பரண் மேல் கிடக்கும்வரை இந்த ஈயம் யாரையும் ஒன்றும் செய்யாது. கண்ணாடிக்குள் உருகிச் சேர்ந்தது அது. பெட்டியைத் திறந்து பின்பக்கம் பார்த்தீர்களானால் கழுத்தைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருள் ஒன்று தெரியும், யோக் என்பார்கள். பழைய சாமான் வாங்குகிறவருக்கு டிவியில் காசு அங்கேதான். சுருளைக் கழற்ற அவருக்குத் தெரிந்த சுருக்கு வழி, சுத்தியலால் கழுத்தைத் தட்டுவது. உள்ளே வெற்றிடம், 'டப்'பென்று காற்று இழுக்கும், கண்ணாடி சிதறும், உள்பூச்சுத் தூள் பறக்கும். செம்பு கடைக்குப் போகும், கண்ணாடி ஓடையோரம் போகும். பொடியான அந்தக் கண்ணாடியைச் சோதித்தால் ஈயம் வரம்பைப் பல மடங்கு தாண்டும். காலையில் பாதுகாப்பான பொருள், மதியம் அபாயகரக் கழிவு. நடுவில் நடந்தது ஒரு சுத்தியல் அடி.

டியூப்லைட்டுக்கும் குண்டு சிஎஃப்எல் விளக்குக்கும் வருகிறேன். கொடைக்கானல்காரர்களுக்குப் பாதரசத்தைப் பற்றி வெளியூர்க்காரர் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1983-இல் இங்கே தொடங்கிய வெப்பமானித் தொழிற்சாலை 2001 மார்ச்சில் மூடப்பட்டதற்குக் காரணமே ஒரு பழைய சாமான் கடைதான். மூஞ்சிக்கல்லில் இருந்த அந்தக் கடையில் 7.4 டன் உடைந்த கண்ணாடி கிடந்தது, அதில் பாதரசம் ஒட்டியிருந்தது. 2003-இல் சுமார் 290 டன் கழிவைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினார்கள். பார்வைக்கு அது கண்ணாடிக் கழிவுதான். எடைக்குப் போட்டவரும் கண்ணாடியாகத்தான் போட்டார், வாங்கியவரும் கண்ணாடியாகத்தான் வாங்கினார்.

அளவைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும், பீதி வேண்டாம். காய்ச்சல் பார்க்கும் பழைய வெப்பமானியில் அரை கிராமுக்கு மேல் பாதரசம் இருக்கும். ஒரு சிஎஃப்எல் விளக்கில் சுமார் 5 மில்லிகிராமோ அதற்கும் குறைவாகவோதான். நூறு விளக்கு சேர்ந்தால் ஒரு வெப்பமானி. பழைய பருமனான டியூப்லைட்டில் கொஞ்சம் கூடுதல். லேப்டாப்பும் பழைய எல்சிடி மானிட்டரும் எல்இடி வருவதற்கு முந்தியவை என்றால், திரைக்குப் பின்னால் பென்சில் முனை பருமனில் மெல்லிய பாதரச விளக்குகள் இருக்கும். ஒன்றில் சில மில்லிகிராம். ஒரு விளக்கு உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டுக் கால் மணி நேரம் வெளியே போய் வந்தால் போதும். துடைப்பத்தால் கூட்டாதீர்கள், பரவும். கெட்டி அட்டையால் வழித்து, ஈரத் துணியால் ஒற்றி, மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். ஒரு மூட்டை டியூப்லைட் மொத்தமாக ஒரு மூடிய அறையில் உடைவது வேறு கதை.

"இங்கே குளிருக்குப் பாதரசம் ஆவியாகாது" என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். குறையும், நிற்காது. 20 டிகிரியில், காற்றோட்டமில்லாத அறையில், காற்று தாங்கும் அளவுக்கு ஆவி ஏறினால் ஒரு கன மீட்டருக்கு 13 மில்லிகிராம் வரும். 10 டிகிரியில் அது பாதிக்கும் கீழே போகும். ஆனால் வேலையிடத்துக்கு நிபுணர்கள் சொல்லும் அளவு 0.025 மில்லிகிராம். பாதிக்கும் கீழே என்றாலும் அது இருநூறு மடங்குக்கு மேல். மார்கழியில் நாம் ஜன்னலைத் திறப்பதே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2016-இல் வந்த திடக்கழிவு விதிகள் டியூப்லைட், சிஎஃப்எல், உடைந்த வெப்பமானி, பேட்டரி எல்லாவற்றையும் 'வீட்டு அபாயக் கழிவு' என்று தனியாகவே எழுதின. ஆகவே இந்த மூட்டையைப் பொறுத்தவரை சோதனைக்குக்கூட அனுப்ப வேண்டாம், அபாயகரம் என்றே வையுங்கள்.

அடுத்து பேட்டரி. எல்லாம் பேட்டரிதான், ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று ஆபத்து. இன்வெர்ட்டரிலும் காட்டெருமைக்கும் பன்றிக்கும் போட்ட சோலார் வேலியிலும் இருப்பது ஈய-ஆசிட் பேட்டரி. எடையில் பாதிக்கும் மேல் ஈயம், உள்ளே கந்தக அமிலம். அந்த அமிலத்தின் பி.எச். ஒன்றுக்கும் கீழே. இரண்டுக்குக் கீழே இருந்தாலே அரிக்கும் கழிவு என்பது அமெரிக்க விதி. இது ஒன்றுதான் நல்ல விலைக்குப் போகிற அபாயகரக் கழிவு, பேட்டரிக் கடையே பழையதை எடுத்துக்கொண்டு புதியதில் கழித்துக்கொடுக்கும். ஒரே நிபந்தனை, ஆசிடைக் கொட்டாமல் அப்படியே கொடுப்பது. சுமை குறையட்டும் என்று ஆசிடை வாய்க்காலில் கவிழ்த்துவிட்டு ஏற்றுகிறவர்கள் உண்டு. அந்த ஆசிடில் ஈயம் கலந்தே இருக்கிறது.

எமர்ஜென்சி விளக்கைத் திறந்து பாருங்கள். கனமான செங்கல் மாதிரி ஒரே கட்டியாக இருந்தால் அதுவும் ஈயம்தான். பென்சில் செல் மாதிரி மூன்று நான்கை பிளாஸ்டிக் உறையில் சுற்றியிருந்தால் எழுத்தைப் படியுங்கள். நிக்கல்-காட்மியம் என்றிருந்தால் அந்த ஸ்டோர் ரூமிலேயே, கிராம் கணக்கில், மோசமான பொருள் அதுதான். எடையில் பத்துச் சதவீதத்துக்கு மேல் காட்மியம். காட்மியத்துக்குச் சோதனை வரம்பு லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்று சொன்னேனே, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு என்றிருந்தால் காட்மியம் இல்லை. முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தால் கசிந்த காரம், வெறும் கையால் தொடாதீர்கள்.

லேப்டாப், செல்போன் பேட்டரி லித்தியம்-அயான். இதில் விஷ உலோகம் பெரிய விஷயமில்லை, தீதான் விஷயம். உப்பியிருக்கிறது என்றால் உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. ஒரு ஆணி குத்தினாலோ, மேலே மானிட்டரை வைத்து அமுக்கினாலோ தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு இருக்கும், நுரையீரலை அரிக்கும். உப்பியதை முனைகளில் டேப் ஒட்டி, உலர்ந்த மணல் போட்ட தகர டப்பாவில் தனித்தனியாக, கட்டடத்துக்கு வெளியே மழை படாத இடத்தில் வையுங்கள். வத்தலக்குண்டு இறங்கும் மலைப்பாதையில் குலுங்கிக்கொண்டே போகும் லோடு வண்டியில் இரும்புச் சாமானோடு இதைக் கலந்து ஏற்றவே கூடாது.

போர்டுகளில் ஈயத்தைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன். நம் மூடுபனியில் வருடக்கணக்காகக் கிடந்த போர்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். செம்புத் தடங்களில் பச்சை பூத்திருக்கும், சால்டர் புள்ளிகள் மேல் சாம்பல் கலந்த வெள்ளைப் பொடி இருக்கும். பழைய சால்டரில் 100-க்கு 37 பங்கு ஈயம் என்பதால் அந்தப் பொடியில் ஈயச் சேர்மம் இருக்கும். விரலில் ஒட்டும், விரல் வாய்க்குப் போகும். மாணவர்களை வைத்துத் தூசி தட்டச் சொல்லாதீர்கள் என்று இதற்காகத்தான் சொல்கிறேன். பெரியவர்கள் கையுறை போட்டு, ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

போர்டின் பச்சைப் பலகைக்குள் தீப்பிடிக்காமலிருக்கப் புரோமின் சேர்மம் கலந்திருக்கிறார்கள். ஈயமில்லாத புதுப் போர்டிலும் அது உண்டு. ஒயரின் மேலுறை பிவிசி, அதில் குளோரின். இரண்டும் சும்மா இருக்கும்வரை சாது. குறைந்த சூட்டில் புகையவிட்டு எரித்தால் டையாக்சின் என்ற கொடிய நச்சு உண்டாகும், உள்ளே இருக்கும் செம்பே அதற்கு வினையூக்கி. ராத்திரிக் குளிருக்கு மூட்டிய நெருப்பில் ஒயரைப் போட்டுக் காலையில் செம்பைப் பொறுக்குவதை நம் பக்கமும் பார்க்கலாம். சுற்றி உட்கார்ந்து குளிர்காய்பவர்கள்தான் அந்தப் புகையை முதலில் வாங்குகிறார்கள். அதே ஒயரைக் கத்தியால் சீவி உரித்தால் ஒரு கேடும் இல்லை. இதே கதை பெரிய அளவில் உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்தில், ராமகங்கை ஆற்றங்கரையில் போர்டுகளை எரித்துச் செம்பு எடுத்தபோது நடந்தது. கசிவுச் சோதனையில் ஒயர் தேறலாம், தேறாமலும் போகலாம். எரிப்பவர் கையில் கிடைத்தால் அந்தத் தீர்ப்புக்கு மதிப்பே இல்லை.

மற்றவற்றுக்கு இவ்வளவு கவலை வேண்டாம். பிரின்டர் டோனர் நுண்ணிய தூள், ஊதாமல் பையில் கட்டினால் சரி. கீபோர்டு, மவுஸ், மின்விசிறி, கிரைண்டர் எல்லாம் பட்டியலில் உள்ள மின்னணுக் கழிவு, ஆனால் வீட்டுக் கட்டிலைவிட ஆபத்தானவை அல்ல. பழைய ஃபிரிட்ஜ் இருந்தால் குழாயை வெட்டாதீர்கள். மிகப் பழையதில் ஓசோனைக் கெடுக்கும் வாயு, புதியதில் எளிதில் தீப்பிடிக்கும் ஐசோபியூட்டேன். மைக்ரோவேவ் அடுப்பில் விஷத்தைவிட மின்தேக்கியில் நிற்கும் மின்சாரம்தான் ஆளை அடிக்கும், மூடியைத் திறக்க வேண்டாம். கூரையில் பொருத்தும் பழைய புகை உணர்கருவியில் கதிரியக்கக் குறி தெரிந்தால் மற்றதோடு சேர்க்காமல் தயாரித்தவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஆக, உங்கள் ஸ்டோர் ரூமை நான் பிரித்தால் இப்படித்தான் பிரிப்பேன். டியூப்லைட், நிக்கல்-காட்மியம், ஈய பேட்டரி, உப்பிய லித்தியம் பேட்டரி நான்கும் கேள்வியே இல்லாமல் அபாயகரம், ஒவ்வொன்றும் தனிப் பெட்டியில். பிக்சர் டியூபும் போர்டும் உடையாமல், பிரிக்காமல் இருக்கும்வரை வெறும் மின்னணுக் கழிவு. உடைந்துவிட்டால் அவையும் அபாயகரப் பக்கம். மற்றதெல்லாம் சாதா மின்னணுக் கழிவு. எல்லாவற்றையும் கூரைக்கு அடியில், தரையில் ஈரம் ஏறாமல் பலகை மேல் வையுங்கள். எண்ணிக்கை எழுதி, படம் எடுத்துக்கொண்டு, ஒப்படைக்கும்போது ரசீது வாங்குங்கள்.

கடைக்காரரைப் பகைத்துக்கொள்ளத் தேவையில்லை. இரும்புக் கட்டில், தகரம், ரேக் எல்லாம் அவருக்கே எடைக்குப் போடுங்கள். மின்னணுச் சாமானைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பெயரைச் சரிபார்க்கலாம். ஒரு வண்டிக்கான சாமான் சேராது என்றால் பக்கத்துப் பள்ளி, தங்கும் விடுதிகளோடு சேர்ந்து ஒரே நாளில் வரச்சொல்லுங்கள், மலையேறி வர அவர்களுக்கும் கட்டுப்படியாகும். வருபவரிடம் விலை பேசும் முன்னால் ஒன்று கேளுங்கள்: பிக்சர் டியூபின் பின்கண்ணாடியையும் டியூப்லைட்டையும் எங்கே அனுப்புவீர்கள்? இடத்தின் பெயர் சொல்லிப் பதில் வந்தால் மொத்தமாகக் கொடுங்கள். மழுப்பினால் போர்டைக்கூடக் கொடுக்க வேண்டாம். காசு வரும் போர்டை ஏற்றிக்கொண்டு, டியூப்லைட் மூட்டையையும் டிவிகளையும் உங்கள் தலையிலேயே கட்டிவிட்டு இறங்கிப் போய்விடுவார்.